மயிர் எடுக்கற ஊர்லருந்து ஒரு யோசனை

வாடா பேராண்டி. பெங்களூர்ல ஏறும்போது பூத்துக்கினு இருந்த மூஞ்சி, வாலாஜா பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் வாடிப் போச்சே. அக்னி நட்சத்திரத்துல வந்தா அப்படித்தான். மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் நம்ம பக்கம் 42, 43ன்னு ஏறிக்கினே போவும். வேலூரை வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க? 1856 ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவுலயே மொதல் பாசஞ்சர் ரயிலு ராயபுரத்துலருந்து கிளம்பி நேரா நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்து நின்னுச்சு. அன்னைக்கு இறங்கின தொரைங்க எல்லாம் தொப்பியோட இறங்கியிருப்பாங்க. நீ தலைக்கு ஜெல்லு தடவிக்கினு இறங்கற.

நாளைக்கு நீயும் உன் தங்கச்சியும் பைபாஸ் ஓரமா கீற ரிசார்ட்டுக்கு நீச்சலுக்குப் போறீங்கன்னு உங்கம்மா சொன்னா. காலையில 11 மணிக்கு இறங்கி, சாயந்திரம் வரைக்கும் ஊறிட்டு வருவீங்களாம். ஊறுங்க, நல்லா ஊறுங்க. ஆனா ஊற வெக்கறதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போனா எப்படி? ஆயுசுல பாதிய தோல் ஷாப்புல, சுண்ணாம்புத் தொட்டி பக்கத்துலயே கழிச்சவன் நான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூரு, வாணியம்பாடின்னு இந்தப் பக்கம் முழுக்க பொழப்பே மயிர் எடுக்கறதுதான். முடிய காப்பாத்தறதுக்கு டி.வி.யில ஆயிரம் பேரு யோசனை சொல்வான். அது எதுக்கு பயப்படும்னு அழிக்கறவன் கிட்ட கேட்டாத்தான் தெரியும்.

கேட்டுக்கோ. உப்புத் தோல் வந்து இறங்கினா மொதல்ல தண்ணியில போடுவோம். உப்பும் ரத்தமும் கழிஞ்சு தோலு மெத்துனு ஆவணும். அப்புறம் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் கூழா குழைப்போம். ஆட்டுத் தோலா இருந்தா அத்த மயிரு மேல பூச மாட்டோம். சதைப் பக்கம் பூசி, மடிச்சு அடுக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவோம். ராத்திரியெல்லாம் அது தோல்ல இறங்கி வேரைப் புடிச்சுக்கும். மறுநாள் மழுங்கக் கத்தியால ஒரு இழுப்பு. கொத்துக் கொத்தா வந்துடும். மாட்டுத் தோலுன்னா ட்ரம்முல போட்டு சுத்த வெச்சுடுவாங்க, மயிரு கரைஞ்சு கூழாவே போயிடும். மாட்டு மயிரே அந்த கதின்னா, உன் நெத்தி மேல ஆடிக்கினு கீற நாலு இழை எம்மாத்திரம்?

முடி எரிஞ்சா ஒரு நாத்தம் வருதுல்ல, அது கந்தகம். முடின்றது கெரட்டின்னு ஒரு புரதம். அந்தப் புரதச் சரடுங்க ஒண்ணோட ஒண்ணு கந்தகத்தால முடிச்சு போட்டுக்கினு கீது. முடிச்சு கீற வரைக்கும்தான் முடிக்கு உறுதி. காரம் ஏறினா முடி உப்பும், மேல கீற செதிலு தூக்கிக்கும், சல்பைடு உள்ள பூந்து முடிச்சை அவுத்துடும். எங்க சுண்ணாம்புத் தண்ணி பிஹெச் 12க்கு மேல. முடிக்கு சுகமா கீறது 4.5, 5.5 வாக்குல, லேசான புளிப்புல. நீச்சல் குளத்துத் தண்ணி 7.2லருந்து 7.8. "அப்போ குளத்துல முடி கரையாதுல்ல தாத்தா?"ன்னு பல்லை இளிக்காத. கரையாது. குளோரின் வேற வழியா வந்து அதே கந்தக முடிச்சைத்தான் கடிக்கும். நாங்க ராத்திரியோட ராத்திரியா முடிக்கற வேலைய அது கோடை முழுக்க கொஞ்சம் கொஞ்சமா செய்யும். அம்மாம்தான் வித்தியாசம்.

இதுல வேடிக்கை இன்னான்னா, ஆட்டுக்கு நாங்க கூலி வாங்கிக்கினு செஞ்சதை நீங்க காசு குடுத்து செஞ்சுக்கறீங்க. கடையில ட்யூப்ல விக்கறானே மயிர் எடுக்கற க்ரீமு, அதுலயும் சுண்ணாம்புதான். கால்சியம் ஹைட்ராக்சைடுன்னு பேரு போட்டிருப்பான். சல்பைடுக்குப் பதிலா தயோகிளைகோலேட்டு. நாத்தம் தெரியாம இருக்க ரோசாப்பூ வாசனை. உன் தங்கச்சி அந்த சுருட்டை முடிய கம்பி மாதிரி நீட்டிக்கினு வந்தாளே, அந்த மருந்துலயும் பல சரக்குல அதே தயோகிளைகோலேட்டுதான். முடிச்சை அவுத்து, நீட்டி, மறுபடி முடிச்சு போடறது. மறுபடி போட்டது பழைய முடிச்சு மாதிரி நிக்குமா? அதுக்கும் மேல கெரட்டின் ட்ரீட்மெண்டுன்னு ஒண்ணு. அதுல பல சரக்கை சூடு காட்டினா ஃபார்மால்டிஹைடு வரும். ஃபார்மால்டிஹைடு எங்களுக்குப் பழைய சிநேகிதன்டா! வெள்ளைத் தோல் பதம் பண்றதுக்கு அத்தத்தான் போடுவாங்க. ஆக, புள்ளையோட தலையைப் பதம் பண்ணி அனுப்பிட்டான். இன்னும் பாலிஷ் போட்டு ஆம்பூருக்கு அனுப்பினா ஷூ தைச்சுடுவாங்க.

உனக்கு மட்டும் இன்னா வாழுதாம்? முன்னாடி கொத்துக்கு பொன்னிறம் அடிச்சிகீறே. அந்த நிறம் வர்றதுக்கு முன்னாடி ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு ஊர்க் கறுப்பை வெளுத்திருப்பான். அந்தக் கறுப்பு, மெலனின்னு சொல்றாங்களே, அதுதான் வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரை வாங்கிக்கினு முடியோட புரதத்தைக் காப்பாத்தறது. வெயிலூருக்கு வர்றதுக்கு முன்னாடி காசு குடுத்து கவசத்தைக் கழட்டி வெச்சுட்டு வந்த ஆளு நீ ஒருத்தன்தான்டா. எனக்காவது வயசாயி நரைச்சுது.

தோ, அந்த நரையப் பத்தி ஒரு கதை. என் சிநேகிதன் ஒருத்தன், தும்பைப்பூ மாதிரி தலை. அவன் புள்ளை பாசத்துல ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கினு போயி தண்ணியில எறக்கி விட்டான். நாலஞ்சு நாளு ஊறிட்டு வந்தான் பாரு, தலை லேசா பச்சை. கிளிப்பச்சைன்னு சொல்ல முடியாது, பாசி புடிச்ச கிணத்துப் படிக்கட்டு மாதிரி. தெருப் பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அவன் குளோரினைத் திட்டிக்கினு கீறான். குளோரின் இல்லடா பைத்தியக்காரா, அது செம்பு. பாசி புடிக்காம இருக்க குளத்துல மயில்துத்தம் போடுவாங்க. வெத்தலைத் தோட்டத்துக்கு சுண்ணாம்போட கலந்து அடிக்கறோமே, அதே மயில்துத்தம்தான். அந்தச் செம்பு முடியில ஒட்டி, பச்சை ஏறிடும். கறுப்பு முடியில ஏறினாலும் வெளிய தெரியாது. நரைக்கும், சாயம் வெளுத்த தலைக்கும்தான் தெரியும். புரிஞ்சுதா, பொன்னிறத்து ராசா? அப்படி ஆயிடுச்சுன்னா தக்காளி சாஸ் தடவு, கோக்கு ஊத்துன்னு போன்ல வர்றதை எல்லாம் நம்பி தலையை ஓட்டலாக்கிக்காத. உலோகத்தைப் புடிச்சு இழுக்கற ஷாம்பு கீது, லேபிள்ல ஈடிடிஏன்னு போட்டிருக்கும். அதால ரெண்டு மூணு வாட்டி அலசினா இறங்கிடும்.

எங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் ஏதுடா? முதுகுல சுரைக்குடுக்கைய கட்டி கிணத்துல தள்ளி விட்டுடுவாங்க. மேல வந்தவன் நீச்சக்காரன். பாலாத்து ஊத்துத் தண்ணியில குளிச்சா சீயக்காயே வேணாம், முடி அப்படி வழுக்கும். அந்தத் தண்ணிய உப்பாக்கினதும் எங்க தொழில்தான், மறைக்க முடியாது. தோல் ஷாப்புக் கழிவு கிணத்துலயும் ஆத்துலயும் இறங்கி, வேலூரு மக்கள் கோர்ட்டுக்குப் போயி, 1996 ஆகஸ்ட்டுல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்ற அளவுக்கு ஆச்சு. தண்ணியில்லாத ஆறுன்னு கேலி பேசின பாலாறு 2021 நவம்பர்ல கரை கொள்ளாம ஓடுச்சு. சாமியில்லாத கோயில்னு சொன்ன வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கும் 1981-லயே ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துட்டாரு. நீங்கதான் கிணத்துக்குத் திரும்பி வர மாட்டேன்றீங்க. போகட்டும், இன்னைக்குப் பல கிணத்துல இறங்கச் சொல்ல எனக்கே மனசு வராது.

சரி, குளத்துக்குத்தான் போறதுன்னு முடிவாயிடுச்சு. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில தலையை சொட்டச் சொட்ட நனை. முடி தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் தண்ணி குடிக்கும். வூட்லயே வயிறு முட்ட சாப்ட்டவன் கல்யாணப் பந்தியில எவ்ளோ துன்னுவான்? நல்ல தண்ணிய மொதல்ல குடிச்ச முடி குளத்துத் தண்ணிய அம்மாம் இழுக்காது. நனைச்ச கையோட கொஞ்சம் தேங்காயெண்ணெய், நடுவுலருந்து நுனி வரைக்கும். கொஞ்சம்னா கொஞ்சம்தான்டா! நீ வழிய வழிய தடவிக்கினு குதிச்சா குளத்துல எண்ணெய் மிதக்கும், அந்த வாட்ச்மேன் விசில் ஊதி உன்னை வெளிய தூக்கிப் போடுவான். எண்ணெய் மேல ஒரு டோப்பி. நீச்சல் டோப்பியில ரப்பரு, சிலிக்கான்னு பல ஜாதி கீது. ரப்பரு எண்ணெய் பட்டா நைஞ்சு போயிடும், அதனால சிலிக்கானா வாங்கு. டோப்பி போட்டா தண்ணியே உள்ள வராதுன்னு நெனைக்காத, வரும். ஆனா நாலு மணி நேரம் அலசறதுக்கும் ஓரமா கசியறதுக்கும் வித்தியாசம் கீதுல்ல.

தேங்காயெண்ணெய் பாட்டி வைத்தியம்னு உன் கூட்டாளிங்க சிரிப்பாங்க. 2003-ல ரேலே, மோகிலேன்னு நம்ம நாட்டு ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேரு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் முடியில தடவிப் பாத்து எழுதி வெச்சிகீறாங்க. தலை அலசறதுக்கு முன்னாடி தடவினாலும் பின்னாடி தடவினாலும், முடியிலருந்து புரதம் கழண்டு போறதைக் குறைச்சது தேங்காயெண்ணெய் ஒண்ணுதான். அதுல கீற லாரிக் அமிலம் சின்னதா, நேரா கீறதால முடிக்குள்ளயே பூந்துடுது. மத்தது ரெண்டும் வெளியவே நின்னுக்கினு கதவைத் தட்டிட்டுப் போயிடுச்சு. உன் பாட்டி இத்த படிக்கல. ஆனா கம்பெனிக்காரன் பாட்டில்ல மினரல் ஆயில ஊத்தி "லைட் ஆயில்"னு வித்தப்ப அத்த கையால தொட்டுக்கூட பாக்கல. அவ தலை எழுபது வயசுல எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்.

வெயிலுக்கு மருந்து இன்னான்னு கேட்டா, தோ என் தோள்ல தொங்குது பாரு, இந்தத் துண்டுதான். வெள்ளைக் காடா. காலையில பத்துலருந்து சாயந்திரம் மூணு நாலு வரைக்கும் இத்த முண்டாசா கட்டிக்கினு போறவன் தலையில வெயிலுக்கு வேலையில்ல. வாலாஜா தறியில நெய்ஞ்சதுன்னா இன்னும் சோக்கு. இருநூறு ரூபாய்க்கு சன்ஸ்க்ரீன் ஸ்ப்ரே முடிக்குன்னு தனியா விக்கறானாமே? வாங்கு, வேணாம்னு சொல்லல. துண்டை மறந்துட்டு வாங்காத. தண்ணிக்குள்ள நின்னா வெயில் படாதுன்னு நெனைக்கறவன் தலையை மட்டும் வெளிய நீட்டிக்கினு நிக்கறான், பாத்திருக்கியா? வெயிலு வேற எங்க படும், அந்தத் தலையிலதான் படும்.

மேல ஏறினதும், துடைச்சுக்கினு பஜ்ஜி வாங்க ஓடாத. அங்கயே ஷவர்ல நின்னு நல்ல தண்ணியில அலசு. குளோரின் முடியில காயக் காய விடறதுதான் பெரிய கேடு. அலசற தண்ணியில வைட்டமின் சி மாத்திரைய ஒண்ணு கரைச்சு ஊத்தறவங்க கீறாங்க. குளோரினை அது அடக்கும், அது மெய்தான். வூட்டுக்கு வந்தப்புறம் நம்ம போர் தண்ணியில சோப்பு போட்டுத் தொலைக்காத. நம்மூரு போர் தண்ணி கடினத் தண்ணி. சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தா தலையில திப்பி திப்பியா படியும், அப்புறம் சீப்பு இறங்காது. சீயக்காய்க்கு அந்த வம்பில்ல, லேசா புளிப்பும் கீது. வடிச்ச கஞ்சியில குழைச்சுப் போட்டா சில்லுனு கீது. உங்களுக்குக் கண்ணு எரியும்னு பயம், ஷாம்புதான் வேணும்னா போட்டுக்கோங்க. கடைசியா ஒரு சொம்பு தண்ணியில அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தி அலசிடுங்க. தூக்கிக்கினு நிக்கற செதிலு படிஞ்சுக்கும்.

ஆவாரம்பூவையும் சீயக்காயோட காயவெச்சு அரைப்பாங்க. இந்த ஆவாரைக்கு நம்ம பக்கம் ரெண்டு பொழப்பு. அதோட பட்டைய ஊற வெச்சுத்தான் அந்தக் காலத்துல மெட்ராஸ் தோலைப் பதம் பண்ணி கப்பல்ல லண்டனுக்கு அனுப்புனாங்க. அப்புறம் தென்னாப்பிரிக்காவுலருந்து வாட்டில் பட்டை வந்துச்சு, குரோமியம் வந்துச்சு, ஆவாரைய யாரும் சீண்டல. கடுக்காயும் அப்படித்தான், தோலுக்கும் போவும் தலைக்கும் போவும். குரோமியத்தை மட்டும் தலைக்குப் போடலாம்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. சொன்னா நம்ம சனம் அதுக்கும் க்யூவுல நிக்கும்.

ஏம்மா, நீ இன்னா அங்க நின்னுகினு ஒட்டுக் கேக்கற? வா இப்படி. ஈரத் தலையை அந்த மெல்லிய பல் சீப்பால வறட்டு வறட்டுனு இழுக்கறியே, ஈர முடி ரப்பரு கணக்கா நீளும், ஒரு அளவுக்கு மேல போனா திரும்பாது. காயட்டும். விரலால பிரி. அப்புறம் பெரிய பல் சீப்பு, நுனியிலருந்து மேல. மொட்டை மாடியில மத்தியான வெயில்ல முடிய விரிச்சுப் போட்டு காய வெக்கறதையும் விட்டுடு, நிழல்ல காத்து வராதா இன்னா? உன் முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் மேலயோதான் வளரும். அப்போ இடுப்புக்கிட்ட கீற அந்த நுனிக்கு அஞ்சு வயசு இருக்கும். அஞ்சு அக்னி நட்சத்திரம் பாத்த கிழவி அது, மரியாதையா நடத்து. வேரு மட்டும்தான் உசுரோட கீது. வெளிய வந்தது எல்லாம் செத்தது. செத்ததுக்குப் புண்ணு ஆறாது. "ரிப்பேர்"னு எழுதின பாட்டில்ல கீறது பெரும்பாலும் மேல பூசற பூச்சுதான், குளிக்கக் குளிக்கப் போயிடும். போன முடிக்கு ஒரே வைத்தியம் கத்தரி. கண்ணு கலங்காத, ரெண்டு இஞ்சுதான்.

இந்த வம்பே வேணாம்னா இன்னொரு வழி கீது. திருத்தணி எம்மாந்தூரம்? ஒரு நடை போயி முடியக் குடுத்துட்டு சந்தனத்தைப் பூசிக்கினு வந்தா, குளோரினும் கிடையாது, செம்பும் கிடையாது, சீப்பும் மிச்சம். ஆனா மொட்டைத் தலைக்கு வெயிலு நேரா தோல்லயே எறங்கும், துண்டு ரெட்டிப்பா வேணும். மொட்டை அடிச்சா முடி அடர்த்தியா வரும்னு உங்கத்தை சொல்வா, நம்பாத. வெட்டின முனை மொண்ணையா கீறதால தடிப்பா தெரியும், வேரு எண்ணிக்கை அதேதான். அவ புருசனைப் பாரு, வருசா வருசம் திருப்பதிக்குப் போயிட்டு வர்றான். வளர்ந்துச்சா?

ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. அந்த ரிசார்ட்டு வாசல்லயே குப்புனு ஒரு வாடை அடிக்கும். "ஆகா, குளோரின் தாராளமா போட்டு சுத்தமா வெச்சிகீறாங்க"ன்னு மெச்சிக்காத. நல்லா வெச்சிருக்கற குளத்துல அம்மாம் வாடை வராது. குளோரின் வேர்வையோடயும் மூத்திரத்தோடயும் சேர்ந்து குளோரமைன் ஆவுது, அதோட வாடை அது. கண்ணு செவக்கறதும் அதால்தான். அப்படி சேர்ந்துட்ட குளோரின் கிருமிய சரியா கொல்லாது, மேனேஜரு இன்னும் ரெண்டு வாளி கொட்டுவான், அதுவும் உங்க தலைக்குத்தான் வரும். அதனால பதினோரு மணி வெயில்ல போவாதீங்க, ஆறு மணிக்கே போங்க, கூட்டமும் வேர்வையும் கம்மியா இருக்கும். சோப்பு போட்டு உடம்பைக் கழுவிக்கினு எறங்குங்க. எறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒழுங்கா கக்கூஸுக்குப் போயிட்டு வாங்க.